காகிதத்துக்குக் கிடைத்த குளிர்!

1902-ஆம் ஆண்டு. அமெரிக்க நாட்டிலே, நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியிலே ஓர் அச்சகம். அங்கே ஒரு சங்கடம். கோடைக்காலத்துக் காற்றிலே ஈரம் ஏறும், இறங்கும். ஏறினால் காகிதம் விரியும், இறங்கினால் சுருங்கும். ஒரு வண்ணத்தை அடித்துவிட்டு மறு வண்ணத்தை அதன்மேல் அடிக்கும்போது, கோடு ஓரிடம், வண்ணம் வேறிடம்! அச்சகத்தார் பதறினர். வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது எஞ்சினியரிடம் வேலை வந்தது. குளிர்ந்த குழாய்களின்மீது காற்றை ஓட்டி, அதன் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை வரைந்து தந்தார் அவர். இன்று ஏ.சி. என்று ஊரெல்லாம் அழைக்கிறதே, அந்தக் கருவியின் பிறப்புக் கதை இதுதான்.

காகிதம் வாடக்கூடாது என்பதற்காகப் பிறந்தது அந்தக் குளிர்! அந்தக் காகிதத்தை இயந்திரத்துக்கு ஊட்டிய தொழிலாளி வாடுகிறானே என்பதற்காக அல்ல. அவன் பக்கத்திலே நின்றான். காகிதத்துக்குக் கிடைத்ததில் அவனுக்கும் கொஞ்சம் சிந்திற்று, அவ்வளவுதான். அச்சுக்கூடத்துப் புழுக்கத்தை அன்றாடம் அறிந்த நாம் இதை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியுமா?

கடைக்குச் சென்று ஏ.சி. வேண்டும் என்றால், "ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?" என்று கேட்கிறார்கள். டன் என்றதும், பெட்டியின் எடையோ என்று மலைத்த தோழரும் உண்டு. எடை அல்ல தோழரே, பனிக்கட்டிக் கணக்கு! ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் உருகி எவ்வளவு வெப்பத்தை விழுங்குமோ, அவ்வளவு வெப்பத்தை ஒரு நாளிலே வெளியேற்றும் ஆற்றலுக்கு ஒரு டன் என்று பெயர். பனிக்கட்டியை விற்றுப் பிழைத்த காலத்தின் மிச்சம் அந்தச் சொல். சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலே ஐஸ் ஹவுஸ் என்று நாம் இன்னமும் சொல்கிறோமே, 1842-இல் எழுந்த அந்தக் கட்டடத்திலே, அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டி பத்திரப்படுத்தப்பட்டது. துரைமார்களின் கோப்பைக்குச் சில்லென்று பானம் வேண்டுமே! சுமந்தவன் தோளிலே உருகி வழிந்த தண்ணீர்தான் சுமந்தவனுக்கு.

பழங்கதை போதும். இன்றைய கதைக்கு வருவோம்.

"ஏழைக்கு ஏ.சி. ஒரு கேடா?" என்று கேட்கும் கனவான்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். செருப்புப் போட்டபோதும் இதையேதான் கேட்டார்கள்; சைக்கிள் ஏறியபோதும் கேட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கடைசி மாடியிலே, பகலெல்லாம் காய்ந்த சிமெண்டுக் கூரை இரவெல்லாம் அனல் கக்கும் அறையிலே, இரவு ஷிப்டு முடிந்து வந்தவன் பகலில் படுத்து உறங்க வேண்டும். எப்படி உறங்குவான்? உறங்காத கண்ணோடு மறுநாள் லேத்தின் முன்னே நின்றால் போவது விரல் அல்லவா! தமிழ்நாட்டு அரசே 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. பேரிடர் என்று அரசு ஒப்புக்கொண்ட ஒன்றிலிருந்து தப்ப நினைப்பது ஆடம்பரமா?

வடசென்னையிலே நமது தோழர் ஒருவர். கடைசல் பட்டறையிலே வேலை. கடைசி மாடி வாசி. இளைய குழந்தைக்கு உடலெல்லாம் வேர்க்குரு, இரவெல்லாம் அழுகை. தவணையிலே ஒரு டன் ஏ.சி. வாங்கினார். குழந்தை உறங்கிற்று. இரண்டு மாதம் கழித்துக் கரண்டு பில் வந்தது. தோழரின் உறக்கம் போயிற்று.

"அண்ணே! முன்னெல்லாம் நானூறு யூனிட்டுக்குள்ளே முடியும். இப்போ 560. யூனிட்டு ஏறினது நூத்தி அறுபது. பணம் ரெண்டு மடங்கு கேக்குறானே, இது என்ன கணக்கு?"

"தம்பி, பில்லைக் காட்டு" என்று வாங்கிப் பார்த்தோம். மீட்டரிலே தவறில்லை. கணக்கெடுத்தவர்மீதும் குற்றமில்லை. குற்றம் படிக்கட்டிலே இருக்கிறது!

படிக்கட்டு என்றால் என்ன? 2022 செப்டம்பரில் வந்த கட்டண ஆணையை எடுத்துக்கொள்வோம். பிறகு சில காசுகள் ஏறின என்றாலும், படிக்கட்டின் சூட்சுமத்தைப் புரிந்துகொள்ள அந்தக் கணக்கே போதும். இரண்டு மாதத்திற்கு 500 யூனிட் வரை செலவழிக்கும் வீட்டுக்கு முதல் நூறு இலவசம். அடுத்த நூறு யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. அடுத்த இருநூறுக்கு நாலரை ரூபாய். கடைசி நூறுக்கு 6 ரூபாய். கூட்டுங்கள்: 1,725 ரூபாய். நல்லது.

501 ஆகட்டும். ஒரே ஒரு யூனிட் கூடுதல். அந்த ஒன்றுக்கு 8 ரூபாய் சேர்த்து 1,733 என்றுதானே நினைப்போம்? இல்லை! 500-ஐத் தாண்டியவனுக்கு 2 ரூபாய் 25 காசுப் படியே கிடையாது. 101-இலிருந்து 400 வரை அத்தனைக்கும் நாலரை ரூபாய். ஆகவே பில் 1,958. ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! தங்கத்தையும் இப்படித் தாவ விட்டதில்லை தோழர்களே, தட்டான் கடையிலே!

நமது தோழரின் 560 யூனிட்டுக்கு அந்தக் கணக்கிலே 2,430 ரூபாய். அவரே 470-இல் நின்றிருந்தால் 1,545. குறைவது 90 யூனிட். மிஞ்சுவது 885 ரூபாய். அவர் வீட்டு அரிசிக்கடைக் கணக்கிலே அது சிறு தொகை அல்ல.

"தொண்ணூறு யூனிட்டை எப்படிண்ணே குறைக்கிறது? ஏ.சி.யை அணைச்சிட்டா கொழந்தை அழுவுமே!"

அணைக்க வேண்டாம். எந்த எண்ணிலே வைக்கிறாய் என்று கேட்டோம். "இருபது. சில நாளு பதினெட்டு. அப்பத்தானே சீக்கிரம் குளிரும்?" என்றார். இங்கேதான் பணம் ஒழுகுகிறது! பதினெட்டில் வைத்தாலும் இருபத்தாறில் வைத்தாலும் பெட்டி குளிரத் தொடங்கும் வேகம் ஒன்றே. எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் அந்த எண். வேகம் கூட்டும் விசை அல்ல அது.

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள்ளே இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது. ஏற்றம் இறைத்த பாட்டனின் பேரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினமா? மேலே இருக்கும் நீரை மொண்டு ஊற்றுவது எளிது. கிணறு ஆழ ஆழக் கைகள் ஓயும். வெளியே 35 பாகை என்றால், உள்ளே 26 என்பது ஆழமில்லாத கிணறு. 18 என்பது பாதாளம். அதுமட்டுமா? இறைக்க இறைக்க, சுவரும் கூரையும் சன்னல் இடுக்கும் ஊற்றாய் மாறி, வெப்பத்தை மறுபடியும் உள்ளே சுரக்கின்றன. ஆழம் கூடக்கூட ஊற்றின் வேகமும் கூடும்!

ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சம் என்பது மத்திய சர்க்காரின் எரிசக்தித் திறன் நிறுவனத்தின் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து, நட்சத்திர முத்திரையோடு விற்கும் ஏ.சி. எல்லாம் முதலில் 24-இலேயே விழித்தெழ வேண்டும் என்று விதியும் வந்தது. தோழரின் பெட்டி இரவுக்கு 5 யூனிட் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபதிலிருந்து இருபத்தாறுக்கு ஏற்றினால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறையும், ஒன்றரை யூனிட். அறுபது இரவுக்கு 90 யூனிட்! தேடிய தொண்ணூறு அகப்பட்டுவிட்டது, விரல் நுனியிலே!

"இருபத்தாறுல புழுங்காதாண்ணே?" மின்விசிறியைக் கூடவே ஓட விடு தம்பி. ஓடும் காற்றிலே 26 என்பது உடலுக்கு அதைவிடக் குளிர்ச்சியாகவே படும். ஏ.சி. போட்டால் விசிறியை நிறுத்த வேண்டும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பழைய விசிறி 75 வாட்; இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி அதிலே பாதிக்கும் குறைவு. ஏ.சி.யின் பசிக்கு முன்னே இரண்டுமே கொசு.

பிறகு தோழரின் வீட்டுக்கே சென்றோம். பெட்டியின் முன்மூடியைத் தூக்கி வலையை உருவினோம். வலையா அது! பஞ்சாலைச் சுவர்போல அழுக்குக் கம்பளி போர்த்துக் கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு மூட்டை சுமக்கச் சொன்னால் எப்படி? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியிலே காட்டினால் போதும். எந்த மெக்கானிக்கும் தேவையில்லை. மேற்குச் சன்னலிலே கண்ணாடி உடைந்த இடத்தில் அட்டை. கதவுக்கடியிலே விரல் நுழையும் இடுக்கு. பழைய புடவையைச் சுருட்டி அடைத்தார் தோழரின் துணைவியார். வெளியே இருக்கும் யூனிட்டின்மீது மூட்டை முடிச்சுகள். உள்ளிருந்து வாரிய வெப்பத்தைக் கொட்டும் வாசலையே அடைத்துவிட்டால், கொட்டியது எங்கே போகும்? அதற்குமேல் நிழல் வேண்டும். ஆனால் அதன் மூச்சுக்கு இடமும் வேண்டும்.

இதைவிடப் பெரிது, மொட்டை மாடி. அங்கே ஒரு கோட் வெள்ளைச் சுண்ணாம்பு! வெயிலிலே வெந்த கூரைதானே இரவிலே பழி வாங்குகிறது? வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுப்பை நேசிக்கும் நாம் இந்த ஓரிடத்தில் வெள்ளைக்கு வாக்களிக்கிறோம். கடைசி மாடியின் நாலு குடித்தனமும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்துவிடலாம். சுண்ணாம்பு மூட்டையின் விலை, ஏ.சி.யின் விலைக்கு முன்னே வெற்றிலைப் பாக்குக் காசு.

இன்னொன்று. ஆண்டுதோறும் ஒருவர் வந்து, "கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்று சில ஆயிரங்களை வாங்கிச் செல்வதாகப் பல தோழர்கள் சொல்கிறார்கள். அடுப்பெரிக்கும் சிலிண்டரா அது, எரிந்து தீர? மூடிய குழாய்க்குள்ளே சுற்றிச் சுற்றி வருவது அந்த வாயு. குறைந்தது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஒழுகும் இடத்தைக் கண்டு, பற்றவைத்து, நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, குழாயை வெற்றிடமாக்கி, பிறகு எடைபோட்டு நிரப்புவதே முறை. ஓட்டையை அடைக்காமல் நிரப்புவது, ஓட்டைக் குடத்துக்குக் கூலி கொடுத்துத் தண்ணீர் எடுப்பது. இதைச் சொல்வதால் ஏ.சி. மெக்கானிக் தோழர்கள் நம்மைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்றாம் மாடிச் சுவரிலே, இடுப்பிலே கயிறில்லாமல், ஒரு கால் சன்னல் விளிம்பிலே வைத்துத் தொங்கி வேலை செய்கிறவர் நீங்கள். அந்தக் கயிறை யார் தருவது என்ற கேள்வியை, முறையான வேலைக்கு முறையான கூலி என்ற கேள்வியோடு சேர்த்தே எழுப்புகிறோம். இப்போது வரும் ஆர்-32 வாயு சிறிதே தீப்பற்றக்கூடியது என்பதையும் மறவாதீர்கள்.

இனி, வாங்கப் போகிறவருக்கு. பெட்டியிலே ஒட்டியிருக்கும் நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிற்காதீர்கள். ஒட்டியிருக்கும் ஆண்டையும் படியுங்கள். ஒரு பங்கு மின்சாரத்துக்கு எத்தனை பங்கு வெப்பத்தை வெளியேற்றுகிறது என்பதே அளவுகோல். ஏற்றக்காரனின் ஒரு மூச்சுக்கு எத்தனை சால் என்பது போல. 2022 ஜூலையில் வந்த அளவுகோலில், ஸ்பிளிட் ஏ.சி.க்கு மூன்று நட்சத்திரம் 3.80-இல் தொடங்கிற்று, ஐந்து நட்சத்திரத்துக்கு 5 வேண்டும். 2026 ஜனவரியிலே அந்த அளவுகோலை மேலும் இறுக்கினார்கள். பழைய சரக்கிலே ஐந்தாக மின்னியது, புதிய கணக்கிலே ஐந்தல்ல. "அஞ்சு ஸ்டார் சார், ஆபர் சார்!" என்று பழைய சரக்கைத் தள்ளும் வாயைப் பார்க்காதீர்கள், முத்திரையைப் பாருங்கள். ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்றும் அதிலே அச்சடித்திருக்கும். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. இரவுக்கு எட்டு மணி என்றால் இருநூறு இரவு. இரண்டு பெட்டிகளின் எண்ணைக் கழித்து, உங்கள் வீட்டுப் பில்லின் கடைசிப் படி விலையால் பெருக்குங்கள். கூடுதல் விலை எத்தனை ஆண்டிலே திரும்பும் என்பது வந்துவிடும். விற்பவர் சொல்லாத கணக்கு அது.

சரி, அரசு என்ன தருகிறது? இதைத்தான் பேச வேண்டும்.

2025 செப்டம்பர் 22-இல் ஏ.சி.யின்மீதான ஜி.எஸ்.டி.யை 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைத்தார்கள். முப்பதாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு மூவாயிரம் மிச்சம். மகிழ்ச்சி! ஆனால் ஒன்று கேட்கிறோம்: மின்சாரத்தை மென்று குடிக்கும் ஒற்றை நட்சத்திரப் பெட்டிக்கும் 18, மிச்சம் பிடிக்கும் ஐந்து நட்சத்திரத்துக்கும் 18. இது என்ன நியாயம்? விலை குறைந்த பெட்டியை வாங்கி, விலை கூடிய பில்லைக் கட்டுவது யார்? கைக்காசு குறைந்தவன்தானே!

2024 பிப்ரவரியிலே கூரைமேல் சூரியத் தகடு வைக்க மத்திய சர்க்கார் மானியம் அறிவித்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000. நல்ல திட்டம். கூரை இருந்தால்! மூன்றாம் மாடி வாடகைக் குடித்தனக்காரனுக்குச் சூரியன் சொந்தம், கூரை சொந்தமில்லையே! நாமும் ஊரிலே கூரை உள்ள தோழர்களிடம் அதை வாங்கச் சொல்லித்தான் வருகிறோம். ஆனால் மானியம் நடந்து செல்லும் பாதையைக் கவனியுங்கள். முதல் போட முடிந்தவன் வீட்டு வாசலிலேதான் அது நிற்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதை. 2022-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. வீட்டிலே திறன்மிக்க வெப்ப ஏற்றி வைத்தால் செலவிலே முப்பது விழுக்காடு, 2,000 டாலர் வரை, வருமான வரியிலே கழித்துக்கொள்ளலாம், மைய ஏ.சி.க்கு 600 டாலர் வரை. வரியிலே கழிக்கலாம் என்றால், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இருக்க வேண்டுமே! இல்லாதவனுக்குக் கழிக்க என்ன இருக்கிறது? அதையும் 2025 ஜூலையில் வந்த இன்னொரு சட்டம், அந்த ஆண்டு டிசம்பர் 31-ஓடு முடித்துவிட்டது. கொடுத்த கை மூன்றாண்டிலே மடங்கிற்று.

பின் எது வழி? கண்ணெதிரே இருக்கிறது. எல்.ஈ.டி. பல்பை நினைவிருக்கிறதா? 2014-இல் அரசு நிறுவனம் ஒன்றை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. கோடிக் கணக்கிலே மொத்தமாகக் கேட்கக் கேட்க, 2016-இல் அதே பல்பு 38 ரூபாய்க்கு இறங்கிற்று! சில மாநிலங்களில் மாதம் 10 ரூபாய் என்று கரண்டு பில்லோடு சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். வட்டிக்காரன் இல்லை, தவணைக்கடை இல்லை. டில்லியிலே மின் விநியோகக் கம்பெனிகள், பழைய ஏ.சி.யைக் கொடுப்போருக்குப் புதிய ஐந்து நட்சத்திரப் பெட்டியைத் தள்ளுபடி விலையிலே தந்தன. அவர்களுக்கு அதிலே என்ன ஆதாயம்? உச்ச நேரத்திலே வெளிச்சந்தையில் மின்சாரத்தைக் கொள்ளை விலை கொடுத்து வாங்குவதைவிட, வீட்டிலே மிச்சப்படுத்துவது மலிவு! கணக்குத் தெரிந்தவர்கள்.

அந்தக் கணக்கு இங்கே பலிக்காதா? 2024 மே 2-ஆம் நாள் தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது; அதுவரை காணாத உச்சம். அந்தச் சுமையிலே நம் வீட்டுப் பழைய பெட்டிகளுக்கும் பங்கு உண்டு. மின் வாரியத்திடம் எல்லார் வீட்டு மீட்டர் கணக்கும் இருக்கிறது. 500-ஐத் தொட்டும் தாண்டியும் தத்தளிக்கும் வீடு எது என்று அதற்குத் தெரியும். மொத்தமாக வாங்கட்டும்; பழைய பெட்டிக்கு விலை போட்டு எடுக்கட்டும்; மீதியைப் பில்லிலே தவணையாகப் பிடிக்கட்டும். மிச்சமாகும் மின்சாரத்திலே பெரும்பகுதித் தவணை அடையும். இலவசம் கேட்கவில்லை நாம். முதல் இல்லாதவனுக்கும் மானியம் வந்து சேரும் வழியைக் கேட்கிறோம். கூடவே, 500-இலிருந்து 501-க்குப் போகிறவனை 233 ரூபாய்ப் பள்ளத்திலே தள்ளும் அந்தப் படிக்கட்டைச் சரிவாக்கவும் கேட்கிறோம்.

கிளைத் தோழர்கள் இதற்கு ஒரு காரியம் செய்யலாம். உங்கள் வட்டத்தில் 450-இலிருந்து 600 யூனிட்டுக்குள் பில் வரும் வீடுகள் எத்தனை, அதிலே ஏ.சி. எத்தனை, எந்த ஆண்டு வாங்கியது, எத்தனை நட்சத்திரம் என்று ஒரு நோட்டிலே எழுதுங்கள். மனு என்று கொடுக்கும்போது கையிலே கணக்கு இருக்க வேண்டும். வடசென்னைத் தோழர் தொடங்கிவிட்டார். தன் படிக்கட்டிலேயே பதினோரு வீடு தேறிற்றாம். அடுத்த பில் 478-இல் நின்றது என்ற சேதியையும் சொன்னார். பெட்டி இருபத்தாறிலே ஓடுகிறது, மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, குழந்தைக்கு வேர்க்குரு அடங்கிற்று.

படிப்பகத்திலே இந்தக் கணக்கை எழுதி ஒட்டிய அன்று, ஓரமாக நின்ற தோழர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, எங்க வீட்டுக்காரரு சப் மீட்டர் வெச்சு யூனிட்டுக்குப் பத்து ரூபா வாங்குறாரு. எனக்கு அந்த நூறு யூனிட்டு இலவசம் எங்கேண்ணே?" அவர் வீட்டு ரசீதுகளைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.